சுடுகாட்டு மல்லி

நம் நண்பர் ஒருவர் அண்மையில் பட்டணத்தின் புறத்தே ஒரு சிறு வீடு வாங்கிக் குடிபுகுந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வாசலில் நாலடி மண் தமக்கென்று கிடைத்தவுடன் அதில் பூச்செடி வைக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. பாத்தி கட்டி நித்தியகல்யாணிச் செடிகளை வரிசையாக நட்டார். சில மாதங்களில் வெண்மையும், இளஞ்சிவப்பும், வெண்மையின் நடுவே செம்பொட்டு வைத்ததுமாக மூவகைப் பூக்கள் வாசலை நிறைத்துவிட்டன.

குடிபுகுந்த வீட்டைப் பார்க்க வந்த அவருடைய அத்தை படியேறும்போதே முகம் சுளித்தார். "ஏன் தம்பி, இது சுடுகாட்டு மல்லியல்லவா? பிள்ளைகுட்டிகள் இருக்கிற வீட்டு வாசலில் இதை வைக்கலாமா? பிடுங்கி எறிந்துவிட்டு வேறு நல்ல செடியாக வை" என்றார். பெரியவர் சொல்லைத் தட்ட மனமின்றி, "சரிங்க அத்தை" என்று நண்பரும் அன்று மாலையே செடிகளை வேரோடு பிடுங்கி வேலியோரம் குவித்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. அண்டை வீட்டுப் பெரியவர் ஓடிவந்து, "அவற்றை எறியாதீர்கள், எனக்குக் கொடுங்கள். இலையையும் பூவையும் கஷாயம் வைத்துக் குடித்தால் இனிப்புநீர் வியாதி இருந்த இடம் தெரியாமற் போகுமாம்" என்று சொல்லி ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

செடி ஒன்றே. அதை ஒருவர் தீட்டென்று தள்ளினார். மற்றவர் சஞ்சீவியென்று அள்ளினார். இருவரும் அச்செடியின் வரலாற்றை அறிந்தாரில்லை. ஒருவர் பெயரைக் கேட்டு அஞ்சினார். மற்றவர் பிறர் பேச்சைக் கேட்டு நம்பினார். நிறத்துக்காகவும் அழகுக்காகவும் நாம் வாசலில் வளர்க்கின்ற மூலிகைகள் எங்கிருந்து வந்தன, யார் கையால் வந்தன, அவற்றைப் பற்றி மனிதன் எவ்வாறு உண்மையை அறிந்தான் என்பதை ஆராய்ந்து பார்த்தால், இவ்விரு பிழைகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது விளங்கும். அதனை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூந்தோட்டத்தின் தாய்

தோட்டம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் இந்நாட்டுத் தமிழனின் மனக்கண்முன் தோன்றுவது பூஞ்செடியன்று. பால்மரமும், பால்வாளியும், விடியுமுன் ஆள் நிற்கும் பெரட்டுக் களமுமே தோன்றும். உலகத்தின் பழைய தோட்டங்களிற் பலவும் பொழுது போக்குவதற்காக உண்டானவை அல்ல. அவை நோய் தீர்ப்பதற்காக உண்டானவை.

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் 1545ஆம் ஆண்டில் வெனிசுக் குடியரசார் ஒரு தோட்டத்தை நிறுவினர். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்ற மாணவர்கள் மெய்யான மூலிகை எது, போலி எது என்று கண்ணால் கண்டு தெளிவதற்காகவே அது வகுக்கப்பட்டது. அக்காலத்தில் மருந்துச் சரக்கில் தவறும் மோசடியும் மலிந்திருந்தன. தவறான வேரைக் கொடுத்தால் நோயாளி மாண்டான். ஆதலின் செடியின் இலையும் பூவும் நிறமும் மணமும் மாணவனுக்கு மனப்பாடமாக வேண்டியிருந்தது. இரவில் மதிலற்ற தோட்டத்தில் புகுந்து செடிகளைத் திருடுவோர் மிகுதியாகிவிட்டமையால் அதனைச் சுற்றி வட்டமாக ஒரு சுவர் எழுப்ப நேர்ந்தது. அத்தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

இலண்டன் நகரத்து மருந்துக் கலவையாளர் சங்கத்தார் 1673ஆம் ஆண்டில் தேம்ஸ் ஆற்றங்கரையில் செல்சி என்னுமிடத்தில் இத்தகைய தோட்டமொன்றை அமைத்தனர். தொழில் பழகும் இளைஞர்கள் அங்கே மூலிகைகளை இனங்காணக் கற்றனர். தூரதேசங்களிலிருந்து கப்பலேறி வந்த விதைகள் அங்கே முளைத்தன. மருந்துக்கென்று வளர்த்த செடிகளில் சில, தம் பூவின் நிறத்தாலும் இலையின் அழகாலும் காண்போரைக் கவர்ந்து, செல்வர் வீட்டுப் பூந்தோட்டங்களுக்குச் சென்றன. இன்று நாம் வெறும் அழகுச் செடிகள் என்று கருதும் பலவும் இவ்வாறு மருந்துப் பாத்தியிலிருந்து வாசற்பாத்திக்கு நடந்து வந்தவையே.

சொன்னவர் யார், எழுதியவர் யார்?

விதைகள் மட்டும் கப்பலேறவில்லை. அவற்றைப் பற்றிய அறிவும் கப்பலேறிற்று. அவ்வறிவு எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதை நம்மவர் மறத்தலாகாது.

கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீட் என்பவர், மலையாள நாட்டுச் செடிகளைப் படங்களுடன் விவரிக்கும் பெருநூல் ஒன்றைத் தொகுக்க முனைந்தார். "மலபார்த் தோட்டம்" எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் கொண்ட அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. 740க்கு மேற்பட்ட செடிகள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. பின்னர்ச் செடிகளுக்கு உலகப் பொதுப் பெயர்களை வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸும் அந்நூலைத் துணையாகக் கொண்டார்.

டச்சு அதிகாரிக்கு நம் நாட்டுப் பச்சிலைகளின் குணம் எங்ஙனம் தெரிந்தது? சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் தம் குடும்பத்து ஏடுகளில் இருந்ததையும், தம் பழக்கத்தில் கண்டதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். கொங்கணிப் பிராமணர் மூவரும் உதவி புரிந்தனர். நூலின் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் 1675ஆம் ஆண்டில் தம் எழுத்திலேயே அளித்த சான்றுரை அச்சிடப்பட்டிருக்கிறது. உலகத்துப் பேரறிஞர்கள் படித்த நூலில், தீண்டாமை கற்பிக்கப்பட்ட குலத்திற் பிறந்த ஒருவரின் கையெழுத்து நிற்கிறது. அதே குலத்தார் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கு 1924ஆம் ஆண்டிலும் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. அறிவுக்குக் குலமில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. இட்டி அச்சுதன் தாம் அறிந்ததை ஒளிக்கவில்லை. அப்பன் மகனுக்கும் மகன் பேரனுக்கும் மட்டும் காதோடு காதாகச் சொல்லிச் செல்லும் வைத்தியம், பேரனுக்கு ஆர்வமில்லாவிட்டால் அவன் காலத்தோடு மாண்டுபோகும். அச்சேறிய அறிவோ பிறரால் சோதிக்கப்படும், தவறாயின் திருத்தப்படும், சரியாயின் வளரும். நம்மவரிடம் இருந்த எத்தனையோ கைமருந்துகள் ஒளிப்பினாலேயே ஒழிந்தன.

நித்தியகல்யாணியின் பயணம்

இனி நம் நண்பர் பிடுங்கி எறிந்த செடிக்கு வருவோம். நித்தியகல்யாணியின் தாய்நாடு இந்தியாவன்று, மலாய் நாடுமன்று. ஆப்பிரிக்காவின் கிழக்கே கடலில் கிடக்கும் மடகாஸ்கர் என்னும் பெருந்தீவே அதன் பிறப்பிடம். அங்கிருந்து பாரிஸ் நகரத்து அரச தோட்டத்துக்குச் சென்ற விதை, பின்னர்ச் செல்சித் தோட்டத்துக்கு வந்தது. 1722 முதல் 1770 வரை அத்தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த பிலிப் மில்லர் அதனை முளைக்கவைத்துப் பூக்கச் செய்தார். 1759ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதற்கு ஓர் இலத்தீன் பெயரிட்டார். 19ஆம் நூற்றாண்டில் அப்பெயர் மாற்றப்பட்டு, "கதராந்தஸ்" என்னும் கிரேக்கச் சொல்லாலான பெயர் வழங்கலாயிற்று. அதன் பொருள் யாதெனில், தூய மலர் என்பதாம். நாம் தீட்டென்று ஒதுக்கிய பூவுக்கு உலகம் வைத்த பெயர் தூய மலர்!

ஐரோப்பியக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய பின்னரே இச்செடி வெப்ப நாடுகளெங்கும் பரவிற்று. அப்படியிருக்க, இதனை வீட்டில் வைக்கலாகாது என்று தொல்காலத்து முன்னோர் விதித்தனர் என்பது எப்படிப் பொருந்தும்? கப்பலில் வந்திறங்கிய விதைக்குப் பண்டை விலக்கு ஏது?

பின் ஏன் தமிழில் சுடுகாட்டு மல்லி என்றும், மலையாளத்தில் சவக்கோட்டைப் பச்சை என்றும் பெயர் வந்தது? காரணம் மிக எளிது. இச்செடி மணலிலும் சரளையிலும் முளைக்கும். நீர் ஊற்றுவாரின்றிப் பிழைக்கும். அதன் கசப்புப் பாலுக்கு அஞ்சி ஆடுமாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. ஆண்டு முழுவதும் பூக்கும். நாள்தோறும் சென்று நீர்வார்க்க முடியாத இடத்தில், தாம் அன்பு வைத்தவரின் தலைமாட்டில் என்றும் ஒரு பூவாவது இருக்கட்டும் என்று எண்ணியவர்கள் இதனை அங்கே நட்டனர். நடாத இடத்திலும் தானே பரவிற்று. ஆக, மனிதனின் அன்பும் செடியின் உறுதியுமே இதனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசென்றன. பின்வந்தவர்கள் காரணத்தை மறந்து பெயரை மட்டும் பற்றிக்கொண்டனர். எந்நாளும் பூப்பது என்ற அதே குணத்தைக் கண்டு நித்தியகல்யாணி என்று மங்கலப் பெயரிட்டதும் நம் மக்களே என்பதை மறந்துவிடலாகாது.

இந்நாட்டுப் பூங்காவும் நம் வாழ்வும்

செடியின் பயணம் மனிதரின் வாழ்வையும் மாற்றவல்லது என்பதற்கு நம்மைவிடச் சான்று வேறில்லை. ராபிள்ஸ் 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கோட்டைக் குன்றில் கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றுக்காக ஒரு தோட்டம் அமைத்தார். பணமின்மையால் அது 1829ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர் 1859ஆம் ஆண்டில் தாங்ளின் பகுதியில், இன்று பூமலை என்று நம்மவர் அழைக்கும் பூங்கா தோன்றிற்று. உல்லாசமாக உலாவுதற்கென்று முதலில் வகுக்கப்பட்ட அப்பூங்காவுக்கு 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். அதன்பின் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்க நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்தனர். ஒரு பூங்காவுக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகளின் நிழலிலேதான் இந்நாட்டுத் தமிழரில் பெரும்பாலோரின் கதை தொடங்குகிறது.

அப்பூங்காவைச் சேர்ந்தோர் ரப்பரோடு நின்றுவிடவில்லை. 1912 முதல் 1925 வரை அதன் தலைவராக இருந்த பர்க்கில் என்பார், பினாங்குப் பூங்காவில் பணிபுரிந்த முகமது ஹனிப் என்பாருடன் சேர்ந்து, மலாய்க் கம்பங்களில் வழங்கிய கைமருந்துகளைத் திரட்டி 1930ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் மலாய் நாட்டுப் பயன்தரு பொருள்களைப் பற்றிய அவருடைய அகராதி இரு பெருந்தொகுதிகளாக வந்தது. கொச்சியில் இட்டி அச்சுதன் செய்த உதவியை இங்கே முகமது ஹனிப் செய்தார் எனலாம். கம்பத்துக் கிழவிக்கும் மருத்துவச்சிக்கும் தெரிந்தது நூலேறி நிலைத்தது. தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் அறிந்திருந்த பச்சிலை வைத்தியத்தை அவ்வாறு திரட்டி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்? இக்கேள்வியை வாசகர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறோம்.

இருபத்தைந்து இலைகள்

நித்தியகல்யாணியின் உண்மையான பெருமை கண்டறியப்பட்டது இக்கிழக்கு நாடுகளில் அன்று. குளிர் நாடான கனடாவில். அதற்கு வித்திட்டவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் ஏழை மக்கள். ஜமைக்காத் தீவில் இதன் இலையைக் கஷாயமாக்கி நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் அவ்வாறே. 1952ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் இருபத்தைந்து இலைகளை உறையிலிட்டு, கனடாவில் கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு அனுப்பினார். அவர் அவ்விலைகளை மேற்கு ஒண்டாரியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார்.

ராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். இரத்தத்திலுள்ள சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியே ஏற்றிப் பார்த்தார். எலிகள் சில நாட்களில் செத்தன! மற்றொருவராயின், "பயனற்ற இலை" என்று குப்பையில் எறிந்திருப்பார். நோபிள், "ஏன் செத்தன?" என்று கேட்டார். அறுத்துப் பார்த்தபோது அவை கிருமிகளால் மாண்டதும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை இரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருந்ததும் தெரியவந்தன. வெள்ளை அணுக்கள் மட்டுமீறிப் பெருகும் நோயொன்று உண்டு. அதுவே இரத்தப் புற்றுநோய். பெருகுவதைக் குறைக்கும் பொருள் இவ்விலையில் இருக்குமாயின் அஃது அந்நோய்க்கு மருந்தாகலாமன்றோ?

1954ஆம் ஆண்டில் அவருடன் சேர்ந்த இரசாயன அறிஞர் சார்ல்ஸ் பீர், அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். 1958ஆம் ஆண்டில் இருவரும் தம் முடிவை உலகுக்கு அறிவித்தனர். அதுவே இன்று வின்பிளாஸ்டின் எனப்படுகிறது. அதே வேளையில் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கோர்டன் ஸ்வோபோடா என்பவரும் இச்செடியையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வழியில் வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு மருந்து கிடைத்தது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அதனைப் பயன்படுத்த அனுமதி வழங்கிற்று.

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. அவ்வாறு பிளப்பதற்கு அணுவினுள்ளே நுண்ணிய இழைகள் நெய்யப்படல் வேண்டும். இவ்விரு மருந்துகளும் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கின்றன. பிளக்கமாட்டாத அணு மடிந்துபோகிறது. இம்மருந்துகள் தோன்றுவதற்குமுன் குழந்தைகளுக்கு வரும் கடும் இரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ மரண தண்டனையாகவே இருந்தது. இன்று வின்கிரிஸ்டினும் வேறு பல மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையால் வசதியுள்ள நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

பிள்ளைகுட்டிகள் இருக்கிற வீட்டில் இதை வைக்கலாமா என்று அத்தையார் கேட்டாரே. சுடுகாட்டுக்குப் போகவிருந்த எத்தனையோ பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பியனுப்பிய செடி இது என்பதே அவருக்கு நாம் பணிவுடன் கூறும் விடை.

கஷாயம் வேண்டாம்

ஆயின், இதனைக் கேட்டு அண்டை வீட்டுப் பெரியவர் இன்னும் இரண்டு படி கஷாயம் வைப்பாரானால் நாம் எழுதியதனால் விளைந்தது தீமையே. ஆதலின் இப்பகுதியை வாசகர்கள் நன்றாக மனத்திற் பதித்தல் வேண்டும்.

எலிகள் செத்ததை நினைவு கொள்க. புற்றுநோய் அணுவைக் கொல்லும் பொருள் நல்ல அணுவையும் கொல்லும். இச்செடியின் இலை, தண்டு, வேர் எல்லாம் நஞ்சுடையவை. மருத்துவமனையில் வின்கிரிஸ்டினை இரத்த நாளத்தில் துளித்துளியாக அளந்து செலுத்துகின்றனர். அளவு சிறிது மிகுந்தாலும் நரம்புகள் கெடும், உயிருக்கும் மோசம் வரும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோ உலர்ந்த இலையும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோவும் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். எனவே நாலு இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர் புற்றுநோய்க்கு மருந்து குடித்தவராகார். அவ்விலைகளிலுள்ள வேறு பல நஞ்சுகளை அளவறியாமல் குடித்தவரே ஆவார். இனிப்புநீர் வியாதிக்காரர் இதனை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தினால் கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடுவது திண்ணம். அவ்வியாதி நம்மவரிடையே மிகுதி என்பதை யாவரும் அறிவர்.

இங்கிலாந்தில் வில்லியம் வித்தரிங் என்னும் மருத்துவர் இதற்கொரு வழி காட்டியிருக்கிறார். ஒரு கிழவியிடம் வழங்கிவந்த கைமருந்தில் இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது, செந்நீலப் பூங்கொத்துகளால் தோட்டங்களை அழகு செய்யும் டிஜிட்டாலிஸ் என்னும் செடியே எனக் கண்டு, பத்தாண்டுகள் நோயாளிகளிடம் அளவறிந்து கொடுத்துப் பார்த்து, பிழைத்தவரையும் மாண்டவரையும் மறைக்காமல் 1785ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். கிழவியின் அறிவை அவர் இகழவுமில்லை, அப்படியே விழுங்கவுமில்லை. சோதித்தார். நமக்கும் வேண்டுவது அதுவே. பாட்டி சொன்னது பொய் என்பவனும் சோதிக்கவில்லை; பாட்டி சொன்னதனாலேயே மெய் என்பவனும் சோதிக்கவில்லை.

இம்மருந்தின் வருமானத்தில் செடியின் தாய்நாடான மடகாஸ்கருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு. வழிகாட்டிய ஜமைக்காவின் ஏழைகளுக்கும் கிடைக்கவில்லை. இத்தகைய அநீதி இனி நேராதிருக்க 1992ஆம் ஆண்டில் ரியோ நகரில் பல்லுயிர்கள் பற்றிய உடன்படிக்கையும், 2010ஆம் ஆண்டில் நகோயா நகரில் அதன் தொடர்பான ஏற்பாடும் உலக நாடுகளால் செய்யப்பட்டன. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் உழவர்கள் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணியைப் பயிரிட்டு இலையையும் வேரையும் விற்கின்றனர். சுடுகாட்டு மல்லி அங்கே சிலரது அடுப்பை எரியச் செய்கிறது.

வாசலில் ஒரு பாத்தி

நம் வீட்டு வாசல் சிறிது. ஆயினும் ஒரு பாத்திக்கு இடமுண்டு. அடுக்குமாடி வீட்டினருக்கும் தாழ்வாரத்தில் இரண்டு சட்டிகளுக்கு இடமுண்டு. நிறமும் பயனும் ஒருங்கே தரும் மூலிகைகளை எவ்வாறு வைக்கலாம் என்று சிறிது கூறுவோம்.

முன்வரிசையில் நித்தியகல்யாணி. நல்ல வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. இந்நாட்டு மழையில் தட்டை நிலத்தில் வைத்தால் வேரும் தண்டும் அழுகும். ஆதலின் மண்ணை மேடாக்கி மணல் கலந்து நடல் வேண்டும். விதை இருளிலேதான் முளைக்கும். மேலே மெல்லிய மண் போர்வை இடுக. நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும். ஒடித்தபின் கையைக் கழுவுதலும், சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமற் காத்தலும் அவசியம்.

அதன் பின்னே இலையழகுக்குக் கருந்துளசி. அதன் ஊதா நிறத் தண்டும் கருமை படர்ந்த இலையும் வெள்ளைப் பூக்களுக்கு நல்ல பின்னணியாகும். ஓரத்தில் கற்பூரவல்லி, வெண்கரையிட்ட இலையுடைய வகை நிழலிலும் பளிச்சென்று தெரியும். வேலியில் சங்குப்பூவைப் படரவிடுக. மலாய்க்காரர் அதன் நீலத்தைப் பிழிந்து சோற்றுக்கு நிறமூட்டுவதை யாவரும் கண்டிருப்போம். இடம் சற்று அதிகமிருப்பின் மூலையில் சீமையகத்தி ஒன்று. மெழுகுவத்தி நிறுத்தியது போன்ற அதன் மஞ்சட் பூங்கொத்து கண்ணைப் பறிக்கும். படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் பூசுவது நம்மவர்க்கும் மலாய்க்காரர்க்கும் பொதுவான வழக்கம். ஈரமான பின்புறத்தில் புங்கா கந்தான். அதன் இளஞ்சிவப்பு மொட்டு பார்வைக்குத் தாமரை போன்றது. லக்சாவுக்கும் ரோஜாக்குக்கும் மணமூட்டுவது. அருகே மஞ்சளும் நாலு கிழங்கு புதைத்தால் அகன்ற பசிய இலையும், இலைநடுவே வெளிறிய பூங்கதிரும் காணலாம்.

இப்பாத்தியில் மடகாஸ்கர் செடியும், அமெரிக்காவிலிருந்து வந்த சீமையகத்தியும், மலாய் மண்ணின் கந்தானும், நம் பாட்டிமார் கிழங்காக முடிந்து கொண்டுவந்த மஞ்சளும் ஒரே மண்ணில் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு பலகையில் பெயரையும், எங்கிருந்து வந்தது என்பதையும், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் தமிழில் எழுதி வைப்போமாக. நம் தமிழ்ப் பள்ளிகளின் முற்றங்களிலும் இதனைச் செய்யலாம். பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். பின்னர் ஆசிரியரிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும். பாதுவா நகரத்தார் 1545ஆம் ஆண்டில் செய்தது அதுவேயன்றி வேறில்லை.

நம் நண்பர் மறுபடியும் நித்தியகல்யாணி நட்டிருக்கிறார். அத்தையாருக்கு இவ்வரலாறு முழுவதையும் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, தோட்டத்தில் இருந்த காலத்தில் இரத்தம் வெளிறிச் செத்துப்போன தம் தங்கையின் பிள்ளையை நினைவு கூர்ந்தார். அதற்கு இன்ன வியாதி என்று அன்று எவரும் சொல்லவில்லையாம். எழுந்து போகும்போது வாசலில் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு செடியை நிமிர்த்தி மண் அணைத்துவிட்டுப் போனார். அண்டை வீட்டுப் பெரியவரைச் சர்க்கார் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை நண்பர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.